ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு வைரஸ் கண்காணிப்பு: குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புது செல்கள் பிடித்துவிட்டன, கவுன்ட் ஏறுகிறது என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே மூச்சு விடும். அடுத்த வாரமே "சிஎம்வி பாசிட்டிவ்", அதாவது சைட்டோமெகலோவைரஸ் என்ற வைரஸ் ரத்தத்தில் தெரிகிறது என்று ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தால், பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டதோ என்ற பயம் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தோடு வார்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தலசீமியாவோ, ரத்தப் புற்றுநோயோ, ஏபிளாஸ்டிக் அனீமியாவோ, பிறவியிலேயே வந்த எதிர்ப்புசக்திக் குறைபாடோ, காரணம் எதுவாக இருந்தாலும், இன்னொருவரின் செல்லை வாங்கிக்கொண்ட குழந்தைக்கு இந்தக் கண்காணிப்பு மாதக்கணக்கில் நடக்கும். தன் சொந்த செல்லையே திரும்ப ஏற்றிக்கொண்ட குழந்தைக்கு ஆபத்து மிகவும் குறைவு. இங்கே நான் பேசுவது முதல் வகையைப் பற்றி.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரஸ் எண்ணிக்கையை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் அது உங்களை ஒன்று தேவையில்லாமல் பயமுறுத்தும், அல்லது தேவையில்லாமல் சமாதானப்படுத்தும். அதன் பக்கத்திலேயே அன்றைய லிம்போசைட் கவுன்ட், அதாவது வைரஸை அடக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இருக்க வேண்டும். அந்த வாரம் குழந்தைக்கு எதிர்ப்புசக்தியை அடக்கும் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்பதும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிற பெற்றோர், டாக்டரிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்கிறார்கள்.

வைரஸ் எங்கிருந்து வந்தது?

"நாங்கள் சரியாகக் கை கழுவவில்லையா?" என்று பல பெற்றோர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். சிஎம்வி, இபிவி (எப்ஸ்டீன்-பார் வைரஸ்), ஹெர்பிஸ், சின்னம்மையையும் அக்கியையும் கொண்டுவரும் அம்மை வைரஸ், மூத்திரப்பையைத் தாக்கும் பிகே வைரஸ் போன்றவை ஒருமுறை உடலுக்குள் வந்தால் பிறகு போவதே இல்லை. சின்ன வயதில் சாதாரணக் காய்ச்சலாகவோ, எந்த அறிகுறியும் இல்லாமலோ வந்து, நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே தங்கிவிடும். அவற்றை அடக்கி வைத்திருப்பவை டி செல் என்கிற, லிம்போசைட் வகை வெள்ளணுக்கள். மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கீமோ அந்தக் காவலை அழித்துவிடுகிறது. புது செல்லிலிருந்து டி செல்கள் மறுபடி வளர மாதங்கள் ஆகும். கவுன்ட் ஏறுகிறது என்று முதலில் சொல்வது நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணுவை வைத்துத்தான். அது பாக்டீரியாவைப் பார்த்துக்கொள்ளும். வைரஸைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வைரஸ் தலைதூக்குகிறது. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

படி 1: மாற்று சிகிச்சைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலாவது, குழந்தைக்கும் டோனருக்கும் சிஎம்வி ஐஜிஜி பரிசோதனை என்ன சொல்கிறது என்பது. பழைய தொற்று இருந்ததா இல்லையா என்று காட்டும் டெஸ்ட் இது. சுத்தமான டோனர்தான் நல்லது என்று நமக்குத் தோன்றும். ஆனால் குழந்தைக்கு சிஎம்வி இருந்து, டோனருக்கு இல்லாமல் இருந்தால்தான் ஆபத்து அதிகம். சிஎம்வியை ஒருபோதும் பார்த்திராத செல்கள், வைரஸ் ஏற்கெனவே குடியிருக்கும் உடம்புக்குள் வருகின்றன. அதனால் பாசிட்டிவ் குழந்தைக்குப் பாசிட்டிவ் டோனர் கிடைப்பது நல்ல செய்திதான். இந்தியாவில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு சிஎம்வி இருந்த அடையாளம் உண்டு. குழந்தைகளுக்கும் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. நம் ஊர் வார்டில் இந்த வைரஸைப் பற்றி இவ்வளவு பேச்சு இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்த டெஸ்டில் ஒரு சிக்கல் உண்டு. தலசீமியா குழந்தைகள் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள். ஏற்றிய ரத்தத்திலிருந்தோ, இம்யூனோகுளோபுலின் ஊசியிலிருந்தோ வேறொருவரின் ஆன்டிபாடி வந்து, குழந்தைக்குத் தொற்றே இல்லாதபோதும் பாசிட்டிவ் என்று காட்டலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அம்மாவின் ஆன்டிபாடியும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் சிறுநீர் அல்லது எச்சிலில் நேரடியாக வைரஸைத் தேடலாம். பழைய ரிப்போர்ட், அதாவது ரத்தம் ஏற்றத் தொடங்கும் முன் எடுத்தது ஏதாவது இருந்தால் தேடி எடுத்துக் கொடுங்கள்.

அப்புறம் ஹெபடைடிஸ் பி. மேற்பரப்பு ஆன்டிஜென் (எச்பிஎஸ்ஏஜி) டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும், கோர் ஆன்டிபாடி பாசிட்டிவாக இருந்தால் வைரஸ் கல்லீரலில் பதுங்கியிருக்கலாம். நிறைய ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. தேவையென்றால் என்டெகாவிர் போன்ற மாத்திரையை முன்கூட்டியே தொடங்கிவிடுவார்கள்.

கடைசியாக, எந்த வகை மாற்று சிகிச்சை என்பது. முழுப் பொருத்தமான அண்ணன் தம்பி, அக்கா தங்கையிடமிருந்து எடுத்தால் ஆபத்து குறைவு. பாதிப் பொருத்தமான அம்மா அல்லது அப்பாவிடமிருந்து எடுப்பது, குடும்பத்துக்கு வெளியே டோனர், தொப்புள்கொடி ரத்தம், டி செல்லை வடிகட்டிய செல் ஆகியவற்றில் ஆபத்து கூடுதல். டி செல்லை அழிக்கும் ஏடிஜி அல்லது அலெம்டுசுமாப் மருந்து கொடுத்திருந்தாலும் அப்படித்தான். அவை ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கி, புதிதாக வரும் டி செல்லையும் அழிக்கும். உங்கள் குழந்தை குறைந்த ஆபத்தா, அதிக ஆபத்தா என்று நேராகக் கேளுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் என்பது அதைப் பொறுத்துத்தான்.

படி 2: எந்த நாட்களில் எதை எதிர்பார்க்க வேண்டும்

செல் ஏற்றிய நாளை டே 0 என்று வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போகும்.

முதல் மாதத்தில் வாய்ப்புண்ணைக் கிளப்பும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வரும். இதைத் தடுக்கத்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் அசைக்ளோவிர் தருகிறார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் எச்எச்வி-6 என்ற இன்னொரு ஹெர்பிஸ் வகை வைரஸ் தலைகாட்டலாம். டே 30 முதல் டே 100 வரைதான் நெருக்கடியான காலம்: சிஎம்வி, அடினோ வைரஸ், இபிவி, பிகே எல்லாம் இந்த வரிசையில்தான் நிற்கின்றன. அடினோவும் பிகேயும் இன்னும் முன்னதாகவும் வரலாம். டே 100-க்குப் பிறகு அக்கி, தாமதமாக வரும் சிஎம்வி.

பொதுவான நடைமுறை, சிஎம்விக்கு வாரம் ஒருமுறை, ரத்தத்தில் வைரஸின் மரபணுவைத் தேடி எண்ணும் பிசிஆர் டெஸ்ட், குறைந்தது டே 100 வரை. அதிக ஆபத்து உள்ள குழந்தைக்கு அடினோவும் இபிவியும் அதே வாரக் கணக்கில் சேரும். இபிவியை நான்கு மாதம் வரை பார்ப்பார்கள். பிகே வைரஸையும் எச்எச்வி-6-ஐயும் அறிகுறி இல்லாமல் வாராவாரம் தேடுவதை நிபுணர் குழுக்கள் பரிந்துரைப்பதில்லை. ஆகவே "அந்த டெஸ்ட் ஏன் எடுக்கவில்லை?" என்று கவலைப்பட வேண்டாம். ஆனால் வாராந்திர சிஎம்வி டெஸ்டை ஒரு வாரம் தவற விடுவது வேறு விஷயம். வைரஸ் சில நாட்களிலேயே இரட்டிப்பாகக் கூடியது. பதினான்கு நாள் இடைவெளி விழுந்தால், சிறியதாக இருக்கும்போதே பிடிக்கும் வாய்ப்பு போய்விடும்.

படி 3: ரத்தம் எடுக்கும்போது

பிசிஆருக்கு வழக்கமாக ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதே லேப், அதே வகை சாம்பிள் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். முழு ரத்தத்தில் பார்க்கும்போது பிளாஸ்மாவில் வருவதைவிட எண்ணிக்கை பொதுவாக அதிகமாக இருக்கும். ஒரு வாரம் ஆஸ்பத்திரி லேபில் முழு ரத்தம், மறு வாரம் சொந்த ஊர் லேபில் பிளாஸ்மா என்று மாறினால், ஏறியதா இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊருக்குத் திரும்பிய பிறகு வேறு வழியே இல்லையென்றால், இரண்டு ரிப்போர்ட்டிலும் சாம்பிள் வகையும் அலகும் என்ன என்று பார்த்து எழுதி வையுங்கள்.

அதே நாளில் எதிர்ப்புசக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் மருந்தின் அளவும் எடுப்பார்கள் என்றால், காலை டோஸைக் கொடுக்காமல் அழைத்துச் செல்ல வேண்டும். ரத்தம் எடுத்த பிறகு கொடுக்கலாம். அவசரத்தில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அடிக்கடி மறந்துபோவது இது. டோஸ் உள்ளே போன பிறகு எடுத்த அளவு தவறாக அதிகமாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஜிவிஹெச்டி, அதாவது டோனரின் செல்கள் குழந்தையின் உடம்பையே தாக்கும் நோய், தலைதூக்கும்.

பிசிஆர் செலவும் சின்னது இல்லை. மாற்று சிகிச்சைக்கு அரசுத் திட்டத்திலோ, தலசீமியா பால் சேவா யோஜனா போன்ற உதவியிலோ பணம் வந்திருந்தால், சிகிச்சைக்குப் பிந்தைய வைரஸ் பரிசோதனைகளும் வைரஸ் மருந்தும் அதில் அடங்குமா, எத்தனை நாள் வரை என்று முன்னாலேயே மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்துக்காக ஒரு வார டெஸ்டைத் தள்ளிப்போடும் நிலை வந்தால் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளவே கூடாது என்று அவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

படி 4: ரிப்போர்ட்டைப் படிப்பது

மூன்று விதமாக விடை வரும். வைரஸ் இல்லை என்பது ஒன்று. வைரஸ் தெரிகிறது, ஆனால் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு என்பது இன்னொன்று. மூன்றாவதாக, ஒரு எண். இரண்டாவது விடையைப் பார்த்து அன்றே மருந்து தொடங்க மாட்டார்கள். அடுத்த டெஸ்டை முன்னுக்குக் கொண்டுவருவார்கள்.

எண்ணின் அலகு காப்பி என்றும் இருக்கும், சர்வதேச அலகு என்பதைச் சுருக்கி ஐயு என்றும் இருக்கும். உலக சுகாதார அமைப்பு 2010-ல் சிஎம்விக்கு ஒரு பொதுத் தரத்தை ஏற்படுத்திய பிறகுதான் வெவ்வேறு லேப்களின் எண்களை ஓரளவு ஒப்பிடவே முடிந்தது. காப்பியும் ஐயுவும் ஒன்றல்ல. ஒவ்வொரு கிட்டுக்கும் மாற்றும் கணக்கு வேறு. பக்கத்துக் கட்டில் குழந்தையின் எண்ணோடு உங்கள் குழந்தையின் எண்ணை ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில ரிப்போர்ட்டில் லாக் என்று ஒரு எண் இருக்கும். லாக் 3 என்றால் 1,000. லாக் 4 என்றால் 10,000. இந்த டெஸ்டுக்கே உள்ள ஏற்ற இறக்கம் காரணமாக, அரை லாக், அதாவது சுமார் மூன்று மடங்கு மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். 500 என்பது 900 ஆனால் ஏறியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 500 என்பது 5,000 ஆனால் சந்தேகமே வேண்டாம், ஏறிவிட்டது.

இப்போது அந்த மூன்று விஷயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு. டே 35-ல் சிஎம்வி 400, லிம்போசைட் 150. டே 38-ல் தோலில் ஜிவிஹெச்டி வந்து ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள். டே 42-ல் சிஎம்வி 900, லிம்போசைட் 120. எண்ணை மட்டும் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் காவலுக்கு ஆளே இல்லாத நேரத்தில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது. இந்தக் குழந்தைக்கு அடுத்த டெஸ்டை ஏழு நாள் காத்திருந்து எடுப்பார்களா, மூன்று நான்கு நாளில் எடுப்பார்களா, இப்போதே மருந்தா என்று நீங்கள் கேட்பதில் முழு நியாயம் உண்டு. வேறொரு குழந்தைக்கு அதே 900 வந்து, ஸ்டீராய்டு இல்லாமல், லிம்போசைட் 800-க்கு ஏறிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. வைரஸ் தானாகவே அடங்கவும் வாய்ப்புண்டு. எந்த எண்ணில் மருந்து தொடங்குவது என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, ஆபத்து நிலைக்கு ஏற்ப மாறும். உங்கள் யூனிட்டின் வரம்பு என்ன என்று ஆரம்பத்திலேயே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

படி 5: ஒவ்வொரு வைரஸும்

சிஎம்வி. 1980-களில் மாற்று சிகிச்சைக்குப் பிறகு சிஎம்வி நிமோனியா வந்தால் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. நோய் வந்த பின் மருந்து கொடுப்பதற்குப் பதிலாக, வைரஸ் தென்பட்டவுடனேயே, குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே கன்சிக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் சியாட்டிலில் ஆராய்ந்தார்கள். 1991-ல் வந்த அந்த முடிவு, நோயை வெகுவாகக் குறைக்கலாம் என்று காட்டியது. இன்று நம் வார்டுகளில் நடக்கும் வாராந்திர டெஸ்ட் அதன் நீட்சிதான். "காய்ச்சலே இல்லையே, எதற்கு இவ்வளவு வீரியமான மருந்து?" என்று தாத்தா பாட்டி கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்: காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

மருந்து தொடங்கிய முதல் வாரத்தில், சில நேரம் இரண்டாவது வாரம் வரைகூட, எண் இன்னும் ஏறலாம். குறிப்பாக ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால். மருந்து வேலை செய்யவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. இரண்டு வாரம் சரியான டோஸில் கொடுத்தும் இறங்கவில்லை என்றால்தான் வைரஸ் மருந்துக்குப் பழகிவிட்டதா என்று மரபணுப் பரிசோதனை செய்வார்கள். அப்போது ஃபாஸ்கார்னெட் போன்றவற்றுக்கு மாற்றுவார்கள். 12 வயதுக்கு மேல், 35 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு மாரிபாவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. குடலிலும் கண்ணிலும் சிஎம்வி நோய் இருக்கும்போது ரத்தத்தில் பிசிஆர் நெகட்டிவாகவே வரக்கூடும். ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, பார்வை மங்கல், கண் முன்னால் புள்ளி மிதப்பது போல இருக்கிறது என்று குழந்தை சொன்னால், "டெஸ்ட் நெகட்டிவ்தானே" என்று விட்டுவிடாதீர்கள். குடலில் சந்தேகம் என்றால் எண்டோஸ்கோப்பி செய்து திசு எடுத்துத்தான் ஜிவிஹெச்டியா சிஎம்வியா என்று பிரிக்க முடியும். ஒன்றுக்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், இன்னொன்றுக்குக் கூட்டக் கூடாது.

வைரஸ் வரும் முன்னரே தடுக்க லெட்டர்மோவிர் என்ற மருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கு 2017-லும், ஆறு மாதத்துக்கு மேல், 6 கிலோவுக்கு மேல் உள்ள சிஎம்வி பாசிட்டிவ் குழந்தைகளுக்கு 2024-லும் அமெரிக்காவில் அனுமதி வந்தது. உங்கள் குழந்தைக்கு இது கிடைத்தால் சில விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். இது ஹெர்பிஸையும் அம்மை வைரஸையும் தடுக்காது, ஆகவே அசைக்ளோவிரை நிறுத்தவே கூடாது. சைக்ளோஸ்போரினோடு சேரும்போது இதன் டோஸ் மாறும். பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோலின் அளவை இது குறைக்கும். அப்புறம், இதை நிறுத்திய சில வாரங்களில் சிஎம்வி தாமதமாக வரலாம், அடங்கியிருந்த காலத்தில் டி செல்கள் அந்த வைரஸைச் சந்தித்துப் பழகவே இல்லை என்பதால். எனவே மருந்து முடிந்ததும் டெஸ்டும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

அடினோ. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் இது பெரிய தலைவலி. குடலில் பதுங்கியிருந்து, மலத்தில் முதலில் பெருகி, பிறகு ரத்தத்துக்குப் போகும் வழக்கம் இதற்கு உண்டு. ஆகவே சில யூனிட்களில் வாராவாரம் மலத்திலும் பார்க்கிறார்கள். மலத்தில் கிராமுக்குப் பத்து லட்சம் காப்பிக்கு மேல் போனால் ரத்தத்தில் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆஸ்திரியாவில் நடந்த ஆய்வு காட்டியது. ரத்தத்தில் மில்லிக்கு 1,000 காப்பி என்பதைப் பல யூனிட்கள் மருந்து தொடங்கும் வரம்பாக வைத்திருக்கின்றன.

சிடோஃபோவிர்தான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் முன்னும் பின்னும் ட்ரிப் ஏற்றி, ப்ரோபெனிசிட் மாத்திரையும் கொடுத்துத்தான் போடுவார்கள். வாரம் ஒருமுறை ஒரே டோஸாகவும் கொடுப்பதுண்டு, வாரம் மூன்று முறை சிறு டோஸாகவும் கொடுப்பதுண்டு. ஆனால் அடினோவை உண்மையில் ஒழிப்பது டி செல்தான். லிம்போசைட் ஏறும் குழந்தை தேறிவிடுகிறது. அதனால் ஜிவிஹெச்டி இல்லையென்றால் அடக்கும் மருந்தைக் குறைக்க முடியுமா என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

கை கழுவும் ஜெல் இந்த வைரஸுக்கு எதிராகப் பலவீனமானது. டயபர் மாற்றிய பிறகு, கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டுத்தான் கழுவ வேண்டும். கண் சிவந்து பீளை தள்ளும் உறவினர் யாரும் குழந்தை பக்கமே வரக் கூடாது.

இபிவி. இது ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல் என்ற வெள்ளணுவுக்குள் தங்குவது. கட்டுப்பாடு இல்லாமல் போனால் அந்த செல்கள் பெருகி லிம்போமா போன்ற ஒரு நிலைக்குக் கொண்டுபோகும். எண் வேகமாக ஏறும்போதே ரிட்டுக்சிமாப் என்ற ஊசியை வாரம் ஒன்றாகச் சில டோஸ் கொடுத்து, பி செல்லையே துடைத்துவிடுவார்கள். அசைக்ளோவிரும் கன்சிக்ளோவிரும் இதற்கு உதவாது. காய்ச்சல், கழுத்தில் நெறிக்கட்டி, புதிதாகக் குறட்டை, டான்சில் வீக்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ரிட்டுக்சிமாப் போட்ட பிறகு பல மாதங்களுக்குக் குழந்தையால் தானாக ஆன்டிபாடி தயாரிக்க முடியாது. ஐஜிஜி அளவைப் பார்த்து இம்யூனோகுளோபுலின் ஏற்றுவார்கள். தடுப்பூசி அட்டவணையும் தள்ளிப்போகும்.

எச்எச்வி-6. குழந்தை திடீரெனக் குழம்பிப் பேசுகிறது, சற்று முன் நடந்தது நினைவில் இல்லை, வலிப்பு வருகிறது, ரத்தத்தில் சோடியம் குறைகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். முதுகுத்தண்டு நீரிலும் டெஸ்ட் செய்வார்கள். நூறில் ஒருவர் அளவுக்கு, இந்த வைரஸின் மரபணு பிறவியிலேயே குரோமோசோமில் ஒட்டி வந்திருக்கும். குழந்தையோ டோனரோ அப்படி இருந்தால், நோயே இல்லாமல் ரத்தத்தில் எண் லட்சக்கணக்கில் இருந்து, எந்த மருந்துக்கும் இறங்காது. அப்படி ஒரு எண்ணைக் கண்டால் இந்தச் சாத்தியத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பிகே வைரஸ். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், ரத்தம், கட்டி கட்டியாக வருதல். பொதுவாக மூன்றாவது நான்காவது வாரத்தில் தொடங்கும். டே 3, டே 4-ல் சைக்ளோஃபாஸ்ஃபமைடு பெற்ற பாதிப் பொருத்தக் குழந்தைகளுக்கு அதிகம். வைரஸைக் கொல்லும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. நிறையத் திரவம், வலி மருந்து, பிளேட்லெட் ஏற்றுதல், தேவையானால் குழாய் வைத்து மூத்திரப்பையைக் கழுவுதல். குழந்தை படும் வலி கொடுமையானது, வாரக்கணக்கில் நீளும். வலி மருந்தைத் தயங்காமல் கேளுங்கள்.

அம்மை வைரஸ். அக்கியாகத் தோலில் வந்தால் கண்டுபிடிப்பது சுலபம். சில குழந்தைகளுக்குக் கொப்புளம் வரும் சில நாள் முன்பே தாங்க முடியாத வயிற்றுவலி வரும், கல்லீரல் எண்களும் ஏறும். அசைக்ளோவிர் நிறுத்திய பின் இப்படி வந்தால் உடனே போக வேண்டும்.

படி 6: மருந்தையும் கண்காணிக்க வேண்டும்

கன்சிக்ளோவிரும், அதன் மாத்திரை வடிவமான வால்கன்சிக்ளோவிரும் நியூட்ரோஃபில் கவுன்டை இறக்கிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று முறை ரத்தப் பரிசோதனை அதற்காகத்தான். கவுன்ட் ஏற்றும் ஊசி தேவைப்படலாம். மாத்திரையை வீட்டில் உடைத்துப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. அந்தப் பொடி தோலில் படக் கூடாது, மூச்சில் போகக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் அம்மாவோ சித்தியோ அதைத் தொடவே கூடாது. குழந்தைக்குத் தேவையான அளவில் திரவமாகத் தயாரித்துத் தர முடியுமா என்று ஆஸ்பத்திரி ஃபார்மசியில் கேளுங்கள். சிஎம்வி குழந்தையின் சிறுநீரிலும் எச்சிலிலும் வரும் என்பதால் கர்ப்பிணிகள் டயபர் மாற்றாமல் இருப்பதும் நல்லது.

ஃபாஸ்கார்னெட் போகும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் குறையும். உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் குறுகுறுக்கிறது என்று குழந்தை சொன்னால் நர்ஸை உடனே கூப்பிடுங்கள். ட்ரிப்பின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். மருந்து சிறுநீரில் வெளியேறும்போது பிறப்புறுப்பில் புண் வரும். ஒவ்வொரு முறை போன பிறகும் தண்ணீரால் கழுவிவிடுங்கள், டயபரை அடிக்கடி மாற்றுங்கள். இந்தச் சின்னக் கவனிப்பு குழந்தையைப் பெரிய வேதனையிலிருந்து காப்பாற்றும்.

மருந்து எதுவும் பலிக்காத நேரத்தில் வைரஸுக்கெதிரான டி செல்லையே டோனரிடமிருந்தோ வேறொருவரிடமிருந்தோ எடுத்து ஏற்றும் சிகிச்சை இருக்கிறது. 1990-களிலேயே அமெரிக்காவில் சிஎம்விக்கும் இபிவிக்கும் இது தொடங்கியது. பல குழந்தைகளுக்குப் பலன் தந்தது. ஆனால் ஆறு வைரஸுக்கு ஒரே தயாரிப்பாக வந்த போசோலூசெல் மூன்றாம் கட்டச் சோதனைகளில் 2023-ல் நிறுத்தப்பட்டது. எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. அதனால்தான் ஆரம்பத்திலேயே பிடிக்கும் வாராந்திர டெஸ்டை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு நீளமான நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டே எண், வைரஸ் எண், சாம்பிள் வகை, லிம்போசைட், நியூட்ரோஃபில், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் எண், ஸ்டீராய்டு டோஸ், சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் அளவு, எடை. ஒரு வரிக்கு ஒரு நாள். போனில் போட்டோவாக வைத்திருப்பது உதவிதான், ஆனால் டாக்டர் முன் உட்காரும்போது ஒரே பார்வையில் தெரிவது நோட்டில்தான்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் போன் செய்து கிளம்புங்கள். வேகமான மூச்சு, புதிய இருமல், ரத்தப்போக்கு, மஞ்சள் காமாலை, கொப்புளம், சாப்பிட்டது நிற்காத வாந்தி, எழுப்பினால் விழிக்காத தூக்கம் எல்லாமே அதே அவசரம்தான். இரவு இரண்டு மணிக்கு யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள். வீடு பல மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தால் டே 100 வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கச் சொல்வார்கள். செலவு கையைக் கடிக்கும், வேலை போகும், தெரியும். ஆனாலும் அதில் சமரசம் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வீட்டில் மற்ற குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள் வரும். அதில் உயிருள்ள வைரஸ் மலத்தில் வெளியேறும். அவர்களுக்கு ஊசி வடிவப் போலியோ தடுப்பூசிதான் போட வேண்டும். சொட்டு மருந்து முகாமுக்கு முன்பே டீமிடம் பேசுங்கள். ஒரே வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது அம்மை போட்டால், அம்மன் வந்திருக்கிறாள் என்று மரியாதையோடு இருக்கும் குடும்பம்கூட, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். தடுப்பு இம்யூனோகுளோபுலினைக் கூடியவரை சீக்கிரம், முதல் 96 மணி நேரத்துக்குள் கொடுப்பதே நல்லது.

படி 8: டே 100-க்குப் பிறகு எப்போது நிறுத்துவது

டே 100 என்பது ஒரு மைல்கல்தான், எல்லைக்கோடு இல்லை. ஸ்டீராய்டோ மற்ற அடக்கும் மருந்துகளோ தொடரும் குழந்தை, நாள்பட்ட ஜிவிஹெச்டி உள்ள குழந்தை, ஒருமுறை சிஎம்வி வந்து போன குழந்தை, பாதிப் பொருத்தம் அல்லது தொப்புள்கொடி ரத்தம் பெற்ற குழந்தை, லெட்டர்மோவிரை இப்போதுதான் நிறுத்திய குழந்தை: இவர்களுக்கெல்லாம் டெஸ்ட் நீளும். இடைவெளி மட்டும் இரண்டு வாரம், மாதம் என்று விரியலாம். டி செல்லில் ஒரு வகையான சிடி4 செல்லின் எண்ணிக்கையை இந்தக் கட்டத்தில் பார்ப்பார்கள். 50-க்குக் கீழே இருந்தால் தாமத சிஎம்வியின் ஆபத்து தெளிவாக அதிகம். 200-ஐத் தாண்டி, அடக்கும் மருந்தும் நின்றிருந்தால் நிலைமை நன்றாகவே மாறியிருக்கும். நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஆறாவது மாதம் ஜிவிஹெச்டி வந்து ஸ்டீராய்டு மறுபடி தொடங்கினால், வாராந்திர டெஸ்டும் அன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இதை டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

அசைக்ளோவிர் குறைந்தது ஒரு வருடம். அடக்கும் மருந்து தொடர்ந்தால் அதற்கும் மேல். எம்எம்ஆர், அம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு வருடம் முடிந்து, ஜிவிஹெச்டி இல்லாமல், அடக்கும் மருந்தும் இல்லாமல் இருந்தால் மட்டுமே. அங்கன்வாடியிலோ பள்ளி முகாமிலோ தெரியாமல் போட்டுவிடாதபடி, மாற்று சிகிச்சை நடந்த தேதியும் "உயிருள்ள தடுப்பூசி கூடாது" என்ற வரியும் எழுதிய கடிதம் ஒன்றை டீமிடம் வாங்கி, ஒரு நகலைப் பள்ளியில் கொடுத்துவிட்டு இன்னொன்றைக் குழந்தையின் பையிலேயே வைத்துவிடுங்கள்.